பிந்திச் சொன்னால் தப்பில்லை

எங்கள் ஊர் மெல்சுங்கனில் ஆகஸ்ட் கடைசியில், வெயில் இன்னும் கொளுத்திக்கொண்டிருக்கும்போதே, சூப்பர் மார்க்கெட்டில் கிறிஸ்துமஸ் கேக்குகளை அடுக்கிவிடுவார்கள். எல்லோரும் தலையில் அடித்துக்கொள்வோம். திட்டிக்கொண்டே ஆளுக்கு ஒரு பாக்கெட் வாங்கியும் வருவோம். ஹைட்ருன் மட்டும் திட்ட மாட்டாள். அவளுக்கு அது பள்ளிக்கூட மணி மாதிரி. அன்று மாலையே சாப்பாட்டு மேஜையில் ரயில் அட்டவணை, வரைபடம், ஹோட்டல் விவரம் எல்லாவற்றையும் பரப்பிவிடுவாள். டிசம்பரில் நாங்கள் மூன்று பேரும் எந்த ஊரில் இரண்டு இரவு தங்கப்போகிறோம், எந்தக் கிறிஸ்துமஸ் சந்தையில் நின்று சுடு ஒயின் குடிக்கப்போகிறோம் என்பது செப்டம்பர் பாதிக்குள் முடிவாகிவிடும். முடிவு செய்வதற்கு முன் எங்களைக் கேட்பாள். கேட்பாள் என்றுதான் சொன்னேன், கேட்டபடி செய்வாள் என்று சொல்லவில்லை.

ஹைட்ருன் இந்த ஊர் மருந்துக்கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதை இரண்டு தடவை சொல்லி, உங்கள் வாயாலும் ஒரு தடவை சொல்ல வைத்துத்தான் அனுப்புவாள். தெருவில் ஒரு ஈ காக்கை இருக்காது, மழை கொட்டும், ஆனாலும் சிவப்பு விளக்கு பச்சையாகும்வரை நடைபாதை ஓரத்தில் நனைந்துகொண்டு நிற்பாள். நானும் அவளோடு எத்தனையோ தடவை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எனக்கு வாய் நீளம், பொறுமை குட்டை. பேக்கரியில் நின்று காலம் தள்ளியவள் நான். "அடுத்தது யாரு?" என்று கேட்டே பழகிய நாக்கு.

இந்தப் பயணப் பழக்கம் தொடங்கிய கதையும் சொல்லிவிடுகிறேன். ஹைட்ருனின் புருஷன் ஒரு நவம்பரில், பல் மருத்துவரிடம் வேலை பார்த்த பெண்ணோடு போய்விட்டான். நியூரம்பர்க் சந்தைக்குப் போக இருவருக்கும் டிக்கெட், ஹோட்டல் எல்லாம் ஹைட்ருன் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தாள். அவள் அழவில்லை. எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, "ஒரு இடம் காலியா இருக்கு. வீணாப் போகக் கூடாது" என்றாள், ஏதோ பேருந்தில் சீட்டு காலியான மாதிரி. நான் என் சினேகிதி மார்லீஸையும் இழுத்துக்கொண்டு போனேன். நியூரம்பர்க்கில் மூன்று பேரும் ஒரே அறையில் நெருக்கியடித்துப் படுத்தோம். அங்கேயும் அவள் அழவில்லை. அடுத்த வருஷம் செப்டம்பரில் மறுபடி கதவைத் தட்டினாள், கையில் ட்ரெஸ்டனுக்குத் திட்டம் இருந்தது. ஹைட்ருனுக்கு அன்பாக நாலு வார்த்தை பேச வராது. திட்டம்தான் போட வரும். அதைப் புரிந்துகொள்ள எனக்கே ரொம்ப வருஷம் பிடித்தது.

மார்லீஸ் எங்கள் ஊர் நீச்சல் குளத்தில் பயிற்சியாளராக இருந்தவள். இந்த ஊரில் தண்ணீரில் மிதக்கத் தெரிந்த எல்லோரும் அவளிடம் திட்டு வாங்கித்தான் மிதந்தார்கள், எங்கள் மேயர் உட்பட. அகலத் தோள், குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போகும் குரல். அவளுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு தீராத மனக்குறை, அவள் பிறந்த நாள்.

டிசம்பர் இருபத்தேழு. அந்தத் தேதியில் யாராவது பிறப்பார்களா? கிறிஸ்துமஸ் தின்ற வயிறு இன்னும் இறங்கியிருக்காது. பாதி ஊர் பனிச்சறுக்குக்குப் போயிருக்கும். மீதி ஊர் சோபாவில் கிடக்கும். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட அந்த வாரத்தை நாங்கள் 'வருஷங்களுக்கு நடுவில்' என்போம். அது எந்த வருஷத்தோடும் சேராத வாரம். கடைகள் அரைத் தூக்கத்தில் இருக்கும், சந்தைகளை அதற்கு முன்பே பிரித்து லாரியில் ஏற்றியிருப்பார்கள். மார்லீஸுக்குக் கிறிஸ்துமஸ் அன்று ஒரு பரிசு வரும், கூடவே "இது ரெண்டுக்கும் சேத்து" என்ற வார்த்தையும் வரும். ஏழு வயதில் அவள் அம்மா கிறிஸ்துமஸுக்கு ஒரு கையுறை கொடுத்தாளாம். ஒன்றுதான், இடது கைக்கு. வலது கைக்கானது இருபத்தேழாம் தேதி வந்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் மார்லீஸ் சிரிப்பாள். சொல்வதை மட்டும் நிறுத்தவே மாட்டாள்.

அப்படியானால் டிசம்பர் பயணத்திலேயே முன்கூட்டிக் கொண்டாடிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் கேட்டுவிடாதீர்கள். பிறந்த நாளுக்கு ஒரு நாள் முன்பு, ஒரு மணி நேரம் முன்பு கூட யாரும் வாழ்த்த மாட்டார்கள். வாழ்த்தினால் அந்த நாளைப் பார்க்கக் கொடுத்து வைக்காது. இதையெல்லாம் நம்புகிறீர்களா என்று கேட்டால் ஒருவரும் நம்பவில்லை என்பார்கள். 'ஆனால் எதற்கு வம்பு?' என்பார்கள். பிந்தி வாழ்த்துவது வேறு விஷயம். ஒரு வாரம், ஒரு மாதம் கழித்துச் சொன்னாலும் கை குலுக்கி வாங்கிக்கொள்வார்கள்.

சென்ற கோடையில் மார்லீஸின் கணையத்தில் ஏதோ இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். செப்டம்பரில் ஹைட்ருனின் மேஜையைச் சுற்றி நாங்கள் உட்கார்ந்தபோது அவள் தோள் பாதியாகியிருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"எர்ஃபூர்ட்" என்றாள் ஹைட்ருன். "டிசம்பர் முதல் வாரம், செவ்வாய்க்கிழமை கிளம்பறோம். கூட்டம் இருக்காது."

"வேண்டாம்டி" என்றாள் மார்லீஸ். "இந்தத் தடவை இருபத்தேழாம் தேதி போவோம்."

"அன்னிக்கு எந்தச் சந்தைடி இருக்கும்? ஆணி கூட இருக்காது."

"கண்டுபிடி. அதுக்குத்தானே உன்ன வச்சிருக்கோம்." மார்லீஸ் காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். "டாக்டர் என்ன சொன்னாரு தெரியுமா? கிறிஸ்துமஸ் வரைக்கும் இருக்கலாம்னாரு. அங்கயும் பாரு, கிறிஸ்துமஸ்தான். அதுக்கப்புறம் ரெண்டு நாள் சேத்துச் சொல்ல அந்த மனுஷனுக்கு வாய் வரல. எனக்கு எழுபத்தஞ்சு ஆகப்போகுது. ஒரே ஒரு தடவை, சரியான நாள்ல, சந்தை வெளிச்சத்துல நின்னு, எனக்குன்னே ஒரு வாழ்த்து வாங்கணும். ரெண்டுக்கும் சேத்து இல்ல. தனியா."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஹைட்ருன் எர்ஃபூர்ட் வரைபடத்தை மடித்து உள்ளே வைத்தாள்.

நாலு நாள் கழித்துக் கூப்பிட்டாள். "வருஷக் கடைசி வரைக்கும் ஒரு சந்தை திறந்திருக்கு. பயணம் சின்னது. மார்லீஸுக்கு அலைச்சல் இல்ல."

"எந்த ஊரு?"

"காஸல்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காஸல் எங்கள் ஊரிலிருந்து டிராமில் அரை மணி. கண் மருத்துவரைப் பார்க்க, மழைக்கோட்டு வாங்கப் போகும் ஊர். மார்லீஸ் கேட்டதும் கத்தினாள்: "காஸலா! என் பித்தப்பைய எடுத்ததே அங்கதாண்டி. ஊசி போட்டுக்க வாராவாரம் போற ஊருக்கு உல்லாசப் பயணமா?"

"இருபத்தேழாம் தேதி வேணும்னு கேட்ட, கிடைச்சிருக்கு" என்றாள் ஹைட்ருன். "பெட்டி எடுத்துட்டுப் போறோம். ஹோட்டல்ல தங்கறோம். பயணம்னா பயணம்தான்."

மார்லீஸ் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, "சரி, பெட்டியக் கட்டறேன்" என்றாள்.

நவம்பர் கடைசியில் அவளால் மாடிப்படி ஏற முடியாமல் போனது. ஹைட்ருன் என்னைக் கூட்டிக்கொண்டு மார்லீஸின் மருத்துவரைப் பார்க்கப் போனாள். மருந்துக்கடைக் காலத்திலிருந்து தெரிந்த மனிதர் அவர். "எங்கயாவது கூட்டிட்டுப் போறதா இருந்தா காத்திருக்காதீங்க" என்றார். வெளியே வந்ததும் ஹைட்ருன் நடைபாதையில் நின்றாள். விளக்கு பச்சையானது, அவள் நகரவில்லை. மறுபடி சிவப்பானது, மறுபடி பச்சையானது. நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஹோட்டலைக் கூப்பிட்டுத் தேதியை மாற்றினாள். அடுத்த செவ்வாய்க்கிழமை.

இதை மார்லீஸிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அவள் கட்டிலில் சாய்ந்தபடி கேட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன், படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அப்போ இருபத்தேழு இல்ல" என்றாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வரேன். ஆனா ரெண்டு பேரும் வாயத் திறக்கக் கூடாது. அங்க வச்சு முன்கூட்டி வாழ்த்திட்டீங்கன்னு வை, அந்த நாள நான் பாக்கவே மாட்டேன். இன்னும் ஒரு சின்ன வாய்ப்பு இருக்கு ரோஸ்விதா. அதக் கெடுத்துடாதீங்கடி."

இதை அப்படியே ஹைட்ருனிடம் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

செவ்வாய்க்கிழமை பெட்டிகளோடு டிராம் ஏறினோம். மார்லீஸ் சக்கர நாற்காலியில், மடியில் பெட்டி. வாரம் தவறாமல் ஊசிக்குப் போகும் அதே டிராம், அதே ஜன்னல். ஹோட்டலில் வரவேற்பு மேஜைப் பெண் எங்கள் விலாசத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "மெல்சுங்கனா? வீட்டுச் சாவியைத் தொலைச்சுட்டீங்களா?"

"இல்லம்மா" என்றாள் மார்லீஸ். "உலகத்தச் சுத்திப் பாக்க வந்திருக்கோம்."

சாயங்காலம் சந்தைக்குப் போனோம். நாற்காலிச் சக்கரம் கல் பாவிய தரையில் மாட்டாத வழியை ஹைட்ருன் முன்பே நடந்து பார்த்து வைத்திருந்தாள். உருளைக்கிழங்கு அடை பொரியும் வாசனை, குழந்தைகளின் ராட்டினம், பேரிரைச்சல். எங்களுக்கு வழக்கமான ஓர் இடம் எல்லா ஊரிலும் உண்டு. முதல் ஒயின் கடை, அதன் ஓரத்து உயர மேஜை. எனக்கும் ஹைட்ருனுக்கும் ஒயின். மாத்திரை சாப்பிடுவதால் மார்லீஸுக்குக் குழந்தைகள் குடிக்கும் சூடான ஆப்பிள் பானம். அதில் ஹைட்ருன் விட்டுக்கொடுக்கவில்லை.

"சாகப் போறவளுக்கு ஆப்பிள் ஜூஸ் குடுத்த ஒரே ஆள் நீதாண்டி" என்றாள் மார்லீஸ்.

"சாப்பாட்டுக்குப் பின்னாடிதானே மாத்திர போட்ட?"

"பின்னாடிதான் தாயே."

பிறகு மூன்று பேரும் பேசாமல் நின்றோம். பேசக் கூடாத ஒன்று நடுவில் இருந்தால் மற்ற பேச்சும் வராது. நான் ராட்டினத்தைப் பார்த்தேன், மார்லீஸ் கோப்பையைப் பார்த்தாள். இதற்கா பெட்டி கட்டிக்கொண்டு வந்தோம் என்று எனக்கு நெஞ்சு எரிந்தது.

அப்போது ஹைட்ருன் கோப்பையை உயர்த்தினாள். எங்கள் வழக்கப்படி மார்லீஸின் கண்ணை நேராகப் பார்த்தாள். "மார்லீஸ், உன் பிறந்த நாளுக்கு" என்று தொடங்கினாள்.

"ஏய்!" மார்லீஸின் முகம் வெளுத்துவிட்டது. நான் ஹைட்ருனின் கையைப் பிடித்தேன். அவள் உதறினாள்.

"போன வருஷத்துப் பிறந்த நாளுக்கு" என்றாள். "எழுபத்திநாலு முடிஞ்ச அன்னிக்கு போன்ல ரெண்டு வார்த்த சொன்னேன், அடுப்புல ஏதோ இருக்குன்னு வச்சிட்டேன். அது வாழ்த்தே இல்ல. பிந்திப் போச்சு, மன்னிச்சுக்கோ. நல்லா இரு."

மார்லீஸ் அவளையே பார்த்தாள். என் மரமண்டைக்கே புரிய ஒரு நிமிஷம் ஆனது. பிந்திச் சொன்னால் தப்பில்லை. எவ்வளவு பிந்தி என்று யாரும் வரம்பு வைக்கவில்லை. சிவப்பு விளக்குக்கு நிற்கிற பெண், ஒரு விதியையும் மீறாமல் உள்ளே நுழைய வழி கண்டுபிடித்துவிட்டாள்.

"அதுக்கு முந்தின வருஷம்?" என்றேன் நான். "நான் பனிச்சறுக்குக்குப் போயிருந்தேன். அட்டை கூட அனுப்பல. எழுபத்திமூணுக்கும் வாழ்த்துடி, பிந்தின வாழ்த்து."

"எழுபதுக்கு" என்றாள் மார்லீஸ் மெல்ல. "ஹால் எடுத்து, கேக் சொல்லி, ஆறே பேரு வந்தாங்க."

"எழுபதுக்கு வாழ்த்துகள்" என்றோம் இருவரும்.

"ஐம்பதுக்கு எங்க வீட்டுக்காரர் வேக்குவம் கிளீனர் வாங்கித் தந்தாரு. ரெண்டுக்கும் சேத்து."

"ஐம்பதுக்கு!"

எங்கள் சத்தம் ஏறிக்கொண்டே போனது. பக்கத்து மேஜையில், தலையில் மினுக்கும் பொம்மை மான்கொம்பு வைத்த தாடிக்காரர் ஒருவர் திரும்பி, "அட, பிறந்த நாளா! எல்லாரும் வாங்கப்பா!" என்று தன் கூட்டத்தைக் கூப்பிட்டுப் பாடவே தொடங்கிவிட்டார்.

"நிறுத்துங்க!" மார்லீஸின் குரல் ராட்டினம்வரை போனது. குளத்தின் ஆழமான பக்கம் ஓடும் பையனை நிறுத்தும் அதே குரல். மொத்தக் கூட்டமும் வாயடைத்து நின்றது. "இன்னிக்கு இல்லைங்க! இருபத்தேழாம் தேதி!"

தாடிக்காரர் சட்டென்று கொம்பைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "ஐயையோ. தெரியாம பாடிட்டேன்."

"பழைய பிறந்த நாளுக்கெல்லாம் வாழ்த்திக்கிட்டிருக்கோம்" என்றாள் ஹைட்ருன். "விட்டுப்போனதுக்கு."

"ஓ, பிந்தியா?" அவர் முகம் தெளிந்தது. "அப்படின்னா சரி. எந்த வயசுல நிக்கறீங்க?"

"பதினெட்டுல."

"பதினெட்டுக்கு வாழ்த்துகள்!" என்று அவர் கூட்டமே கோப்பையைத் தூக்கியது. பிறகு பத்துக்கு. பிறகு ஏழுக்கு. ஏழு வந்ததும் மார்லீஸ் தன் வலது கையை மேலே தூக்கிக் காட்டினாள், கையுறையோடு. கண்ணில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. சிரித்துக்கொண்டும் இருந்தாள். கடைசியில், பிறந்ததற்கே ஒரு வாழ்த்து சொல்லி முடித்தோம்.

"எல்லாம் வந்து சேந்துடுச்சு" என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "இனி ஒண்ணுதான் பாக்கி. அத அன்னிக்கு வந்து சொல்லுங்க."

"வரேன்" என்றாள் ஹைட்ருன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின புதன்கிழமை மார்லீஸ் போய்விட்டாள். வருஷங்களுக்கு நடுவில் எங்கள் ஊரில் எந்த அலுவலகமும் நகராது, அடக்கம் ஜனவரிக்குத் தள்ளிப் போனது. இருபத்தேழாம் தேதி ஹைட்ருன் என்னைக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. நாள் முழுக்க போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவளும் அப்படித்தான் இருந்தாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

ஜனவரி மூன்றாம் தேதி, மண் உறைந்து கிடந்த காலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். கூட்டம் வாசல் தாண்டி நின்றது. மார்லீஸிடம் திட்டு வாங்கி மிதந்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், நரைத்தவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள், மேயர். போதகர் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தார். எழுபத்திநாலு வயது என்றார். வழக்கப்படி ஒவ்வொருவராகக் குழிக்குப் பக்கத்தில் போய், சிறு கரண்டியால் மண் அள்ளிப் போட்டு, ஒரு கணம் நின்று விலக வேண்டும். முதலில் ஹைட்ருன் போனாள்.

அவள் விலகவில்லை. வரிசையில் யாரையும் காக்க வைப்பது அவளுக்குப் பிடிக்காத காரியம். ஆனால் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். பின்னால் ஒருவர் செருமினார். நான் போய்க் கூட்டிவரலாமா என்று ஓர் அடி எடுத்து வைத்தேன். அப்போது அவள் மருந்துக்கடைக் குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி, நிதானமாகச் சொன்னாள்:

"மார்லீஸ், உன் எழுபத்தஞ்சாவது பிறந்த நாளுக்கு வாழ்த்துகள். கொஞ்சம் பிந்திப் போச்சு."

போதகர் நிமிர்ந்து பார்த்தார். ஹைட்ருன் மண்ணைப் போட்டுவிட்டு, கரண்டியை என்னிடம் தந்தாள். அவள் முகம் முழுக்க நனைந்திருந்தது. புருஷன் போனபோது வராத கண்ணீர் அது. நானும் மண்ணைப் போட்டு அதையே சொன்னேன். எனக்குப் பின்னால் மேயர் வந்தார். கரண்டியை வாங்கிக்கொண்டு ஒரு நொடி யோசித்தார். பிறகு குனிந்து, "எழுபத்தஞ்சுக்கு வாழ்த்துகள் மார்லீஸ் அம்மா, பிந்திட்டேன்" என்றார். அவருக்குப் பின்னால் வந்தவரும் அதையே சொன்னார், அதற்குப் பின்னால் வந்த பெண்ணும் சொன்னாள். வரிசை முடிய வெகுநேரம் ஆனது. எங்கள் கால் மரத்துப்போனது, ஆனால் நானும் ஹைட்ருனும் கடைசி ஆள்வரை கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றோம். அத்தனை பேரும் அவளைப் பெயர் சொல்லித் தனியாக வாழ்த்தினார்கள். ரெண்டுக்கும் சேர்த்து என்று ஒருவரும் சொல்லவில்லை.